கொடைக்கானல் மலை ஏறும் 407: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

பின்னணி

2019 ஏப்ரலில் மதுரை செல்லூரைச் சேர்ந்த ஒரு வண்டி உரிமையாளர் தன்னுடைய டாடா 407 சரக்கு வண்டியை எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். 2004-ல் பதிவான வண்டி. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ எதுவும் இல்லாமல், வெளிக்காற்றைத் தானாக இழுத்துக்கொள்ளும் பழைய டீசல் எஞ்சின். வாரத்துக்கு மூன்று நடை கொடைக்கானல். போகும்போது அரிசி, மளிகை, சில நாள் சிமெண்ட். திரும்பும்போது கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. விடியுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். அரை மணி நேரம் தாமதமானால் நல்ல விலை கைவிட்டுப் போய்விடும்.

"வத்தலக்குண்டு வரைக்கும் நல்லாத்தான் போகுது தம்பி. மேலே போகப் போக மூச்சு முட்டுது" என்றார். வண்டிக்கு டர்போ வைத்துத் தர முடியுமா என்பது அவர் கேள்வி. அவருடைய மகன் துபாயில் மூன்று வருடம் ஒரு கேரேஜில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அங்கே பெரிய பெட்ரோல் பிக்கப் வண்டிகளுக்கு, டர்போவின் வேலையையே வேறு வழியில் செய்யும் சூப்பர்சார்ஜர் பொருத்துவதில் கை பழகியவர். "டர்போ வேண்டாம் சித்தப்பா, சூப்பர்சார்ஜர் போடுவோம். மலையில கீழ் சுற்றுலேயே இழுவை வேணும்" என்று என்னிடம் சொன்னார். அப்பாவும் மகனும் வண்டியை நிறுத்தும்போதே இந்த வாக்குவாதத்தில்தான் இருந்தார்கள்.

வண்டி வந்த நிலை

எதைப் பொருத்துவது என்று பேசும் முன் இருக்கிற எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். பதிவில் அனுமதித்த எடைக்குள் லோடு ஏற்றி, மறுநாளே நானும் கூடப் போனேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றை மாட்டி, மீட்டரை டேஷ்போர்டில் ஒட்டிவைத்தோம்.

மலைப்பாதை தொடங்கியதுமே பின்னால் கரும்புகை. மூன்றாம் கியரில் மிதித்தால் புகைதான் கூடியது, வேகம் கூடவில்லை. டம்டம் பாறைக்கு முன்பே மீட்டர் 690 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஊத்து தாண்டியதும் ரேடியேட்டர் சூடு ஏறி, இருபது நிமிடம் ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. மலையடிவாரத்திலிருந்து பெருமாள்மலை சேர, நின்ற நேரத்தையும் சேர்த்து, 2 மணி 25 நிமிடம். மதுரை திரும்பி டேங்க் நிரப்பியபோது அந்த நடைக்கு 38 லிட்டர் டீசல் போயிருந்தது.

ஓரங்கட்டிய இடத்தில் இறங்கி நான்கு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஏறிவந்த வண்டி, பிரேக்கைப் பெரிதாக மிதிக்கவே இல்லை. மூன்று டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. பின் வலது டிரம்மில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. வீல் சிலிண்டர் சிக்கி, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் பிடித்தபடியே வண்டி மலை ஏறியிருக்கிறது.

பட்டறையில் மற்றவை தெரிந்தன. ஏர் ஃபில்டரில் தூசி அப்பியிருந்தது. நான்கு நாசிலில் இரண்டு டீசலைப் பொடியாகத் தெளிக்காமல் தாரையாக விட்டன. வால்வுகளின் டேப்பட் இடைவெளி தாறுமாறு. எல்லாவற்றையும் விட முக்கியமாக, டீசல் பம்பின் சீல் உடைக்கப்பட்டிருந்தது. முன்பு எங்கோ ஒருவர் இழுவை கூட வேண்டும் என்று ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டியிருக்கிறார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், பின்னால் எடுத்த முடிவுகளெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் மதுரையில் இருப்பதைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலைக்குளிர் காற்றை இறுக்கி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், முழுதும் தராது. இந்தப் பழைய டீசல் பம்புக்கு இது தெரியாது. மதுரையில் கொடுத்த அதே அளவு டீசலைத்தான் பெருமாள்மலையிலும் கொடுக்கும். கீழேயே டீசல் அதிகம் என்றால், மேலே எரிவதற்குக் காற்றே இருக்காது. எரியாத டீசல் புகையாகவும், பிந்தி எரிவது சூடாகவும் வெளியே வரும். அவர் சொன்ன மூச்சு முட்டல் இதுதான்.

முதலில் செய்தது

பிரேக், ஃபில்டர், நாசில், டேப்பட் எல்லாவற்றையும் சரிசெய்தோம். பம்பைக் கழற்றி லேபுக்கு அனுப்பி, கம்பெனி அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்து சீல் வைத்தோம். ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்தோம். அடுத்த நடையில் அதே லோடுக்கு 1 மணி 50 நிமிடம். எங்கேயும் நிற்கவில்லை. மீட்டர் 570-ஐத் தாண்டவில்லை. டீசல் 32 லிட்டர். வருடாந்திர எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன்பாகப் புகைப் பரிசோதனையும் செய்து பார்த்தோம். இந்த வயது டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியின் வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. அதற்குள் தாராளமாக வந்துவிட்டது.

நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய தேவை முடியவில்லை. கூட வரும் புது வண்டிகள் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுகின்றன, முதலில் மேலே போய்ச் சேருகிறவருக்குத்தான் நல்ல சரக்கு கிடைக்கிறது. அது நியாயமான தேவை. அதனால் டர்போவா சூப்பர்சார்ஜரா என்ற கேள்வியை மறுபடி எடுத்தோம்.

இரண்டு யோசனைகள்

இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது. சுற்றுவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். சூப்பர்சார்ஜரை எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது. டர்போவை வெளியேறும் புகை சுழற்றுகிறது.

மகன் சென்னையில் ஒரு பொருளைப் பார்த்து வைத்திருந்தார். கழித்துப் போட்ட ஜெர்மன் பெட்ரோல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். 40,000 ரூபாய் கேட்டார்கள். அவர் வாதத்தை நான் சுலபமாகத் தள்ளிவிடவில்லை. பெல்ட்டில் சுற்றுவதால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடனே காற்று வரும். கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்து, கியரைக் குறைத்து, மறுபடி மிதிக்கும்போது காத்திருக்க வேண்டாம். டர்போ இல்லாத பம்பில், காற்று எவ்வளவு வருகிறது என்று பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு கிடையாது. டர்போ வைத்து டீசலைக் கூட்டினால், டர்போ சுற்றிக்கொண்டு வரும்வரை கரும்புகைதான். சூப்பர்சார்ஜருக்கு அந்தச் சிக்கல் குறைவு. இவ்வளவும் சரியே.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். இந்த எஞ்சினின் பெயரே 497. நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் ஓடும் தூரம்) கொள்ளளவைக் கணக்கிட்டால் 2,956 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்தக் கொள்ளளவை இழுக்கும். 2,800 சுற்றில் நிமிடத்துக்கு சுமார் 4,100 லிட்டர். உண்மையில் உள்ளே போவது அதில் 85 சதவீதம் என்று வைத்தால் 3,500 லிட்டர். அரை பார் அழுத்தம் கூட்ட, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5,000 லிட்டரை சூப்பர்சார்ஜர் தள்ள வேண்டும். அரை பார் எதிர்ப்புக்கு எதிராக அவ்வளவு காற்றைத் தள்ள 4 கிலோவாட். உராய்வையும் பெல்ட்டையும் சேர்த்தால் 5 கிலோவாட்டைத் தாண்டும், அதாவது ஏழு குதிரைத்திறன். எஞ்சின் மொத்தமே 75 குதிரைத்திறன் அளவுதான். கூடுதல் காற்றில் கூடுதல் டீசல் எரிவதால் நிகர லாபம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழில் பெரும்பகுதியை மலை இல்லாத சாலையிலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மகன் கேட்டார். அந்தக் காரில் பைபாஸ் வால்வு இருக்கிறதே, தேவையில்லாதபோது காற்றைத் திருப்பிவிட்டுவிடுமே என்றார். அந்த வால்வின் படத்தை அவர் போனிலேயே பெரிதாக்கிப் பார்த்தோம். அதைத் திறப்பது, எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம். பெட்ரோல் எஞ்சினில் காற்றை மட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். டீசலில் த்ராட்டிலே இல்லை. இந்த வண்டியில் பிரேக் பூஸ்டருக்காக ஆல்டர்னேட்டரின் பின்னால் தனியாக வேக்குவம் பம்பு வைத்திருப்பதும் அதனால்தான். ஆக, அந்த வால்வு இந்த எஞ்சினில் எப்போதும் மூடியே கிடக்கும். அந்த வேக்குவம் பம்பிலிருந்து ஒரு கிளை எடுத்து, மின்சாரத்தில் திறக்கும் சோலனாய்டு வால்வு வைக்கலாம் என்றார். பிரேக்குக்குப் போகிற வெற்றிடத்தில் கைவைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இறங்குவதும் அதே மலைதான்.

இன்னொன்று, உயரம். சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றை ஒரு விகிதத்தில் பெருக்கிக் கொடுக்கிறது. மேலே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அது தருவதும் அதே அளவு குறையும். டர்போவின் கதை வேறு. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் புகைக்கு எதிர்ப்பும் குறைகிறது. டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றி இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். மலை ஏறுகிற வண்டிக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. டர்போ தாமதம் பற்றிய பயமும் தொடர்ந்து ஏறும்போது அவ்வளவாகப் பொருந்தாது. முழு லோடில் நிற்காமல் இழுக்கும் எஞ்சினில் புகையும் சூடும் ஏராளமாக இருக்கும், டர்போ ஓய்வதில்லை. ஊருக்குள் அடிக்கடி நின்று புறப்படும் வண்டி என்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டறையில் நடந்த சோதனை

கணக்கில் டர்போ ஜெயித்ததும் நானும் அவசரப்பட்டுவிட்டேன். பழைய ஸ்பேர்ஸ் கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு சின்ன டர்போ கிடைத்தது. சாலைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை. பட்டறை வளாகத்துக்குள் பொருத்தி, சும்மா ஓட்டிப் பார்த்து, அழுத்தமும் எண்ணெய்ச் சுற்றும் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று முடிவுசெய்தோம். பம்பைத் தொடவில்லை.

மூன்றாவது தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் இருக்கும். சைலன்சரில் நீலப்புகை வந்தது. அப்புறம் யாரும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் சத்தம் ஏறத் தொடங்கியது. ஸ்டாப் கேபிளை இழுத்தேன். டீசல் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறியது. எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து எரிகிறது என்று புரிந்தது. வேலை கற்றுக்கொள்ளும் பையன், வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்து நான்காக மடித்து டர்போவின் காற்று வாயில் அமுக்கினான். ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்றது. அவன் கை இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் என் நினைவில் நிற்கிறது. டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும்.

காரணம் என் வேலையில்தான் இருந்தது. டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. அந்த எண்ணெய் நுரையாக வெளியேறி, தன் எடையாலேயே, எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்புக்கு வடிய வேண்டும். வடிகுழாய் அகலமாகவும், முடிந்தவரை நேராகக் கீழ்நோக்கியும், சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயும் போய்ச் சேர வேண்டும். இடமில்லை என்று நான் குழாயைத் தொட்டில்போல வளைத்து, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இணைத்திருந்தேன். வடிய வழியில்லாத எண்ணெய் தண்டின் ரிங்கைத் தாண்டிக் காற்றுப் பக்கம் புகுந்துவிட்டது.

சம்பைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டர்போவுக்கென்றே வடிவமைத்த டீசல் எஞ்சின்களில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு குழாய்கள் பொதுவாக இருக்கும். இதில் இல்லை. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பம்பைத் திருகியிருந்தபோது மேனிஃபோல்டில் 690 பார்த்தோம். அந்தப் பிஸ்டன்களின் மேல் இன்னும் சூட்டை ஏற்றுவது சரியில்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. வண்டிக்காரப் பெரியவர் சாக்கையும் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போதும் தம்பி, கழட்டிரு" என்றார்.

காகிதப் பக்கம்

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை அழுத்திச் சொல்லியிருந்தது. எட்டு வருடத்துக்கு மேலான சரக்கு வண்டி அப்போது வருடா வருடம் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் நிற்க வேண்டியிருந்தது. விபத்து என்று ஒன்று வந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸில் கேள்வி எழும். எஞ்சினையே மாற்றுவதென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். இந்த வண்டிக்கு அதே வகை எஞ்சினைத்தான் யோசிக்க முடியும் என்று அங்கே சொன்னார்கள். டர்போ எஞ்சினை இதில் இறக்கும் வழியும் அதோடு அடைபட்டது.

எடுத்த முடிவு

ஜூன் மாதம் மூவரும் உட்கார்ந்து பேசினோம். இந்த வண்டியில் எதையும் பொருத்துவதில்லை. சரிசெய்த நிலையிலேயே மேலூர், சிவகங்கை பக்கச் சமவெளி நடைகளுக்கு வைத்துக்கொள்வது. மலைக்கு, தொழிற்சாலையிலிருந்தே டர்போவும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் போட்டு வந்த அதே குடும்ப எஞ்சின் உள்ள பழைய வண்டி ஒன்றை வாங்குவது. சூப்பர்சார்ஜர், பெல்ட், புல்லி, இன்டர்கூலர், குழாய் வேலை என்று கூட்டினால் ஒரு லட்சத்தைத் தொடும், கடைசியில் கையில் இருப்பது ஆர்சிக்குப் பொருந்தாத ஒரு வண்டி. அதைவிட அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டுவது மேல் என்று பெரியவரே சொன்னார். 2012 மாடல் ஒன்று 4,25,000 ரூபாய்க்கு அமைந்தது.

வாங்கும் முன் மகன்தான் டர்போவைச் சோதித்தார். காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்து, உள்ளும் வெளியும் தள்ளிப் பார்த்தார். உள்ளும் வெளியும் ஆட்டமே இல்லை. குழாயின் உட்புறம் லேசான ஈரப்பசை, எண்ணெய் தேங்கவில்லை. துபாயில் பழகிய கை என்பது அப்போது தெரிந்தது.

அப்புறம் நடந்தது

வாங்கிய வண்டி அதே லோடோடு பெருமாள்மலைக்கு 1 மணி 25 நிமிடத்தில் ஏறியது. டீசல் 29 லிட்டர். முதல் மாதம் கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் திணறினார். மூன்றாம் கியரிலேயே வளைவுக்குள் நுழைந்து, சுற்று 1,200-க்கு இறங்கி, டர்போ ஓய்ந்துபோய் வண்டி அமுங்கியது. மகன் பயந்தது இதைத்தான், அந்த இடத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, சுற்றை 1,600-க்குக் கீழே விடாமல் திரும்பப் பழகியதும் தீர்ந்தது.

மேலே போய் நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டினோம். சூடாக இருக்கும் டர்போவில் எண்ணெய் ஓட்டம் திடீரென நின்றால், அங்கே தங்கிய எண்ணெய் கருகித் தண்டைப் பிடிக்கும். 2020 பிப்ரவரி வரை நான் கவனித்ததில் டர்போவில் ஒரு குறையும் வரவில்லை. இடையில் ஒருமுறை இழுவை குறைகிறது என்று வந்தார்கள். இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்திருந்தது, பத்து நிமிட வேலை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஆர்சியையும் இன்சூரன்ஸையும் முதல் நாளே எடுத்துப் பார்த்திருந்தால் அந்த மே மாதம் முழுதும் வீணாகியிருக்காது. இப்போது யாராவது டர்போ என்று வாயெடுத்தாலே ஆர்சி நகலைத்தான் முதலில் கேட்கிறேன். இரண்டாவது, பழைய எஞ்சினின் சம்பைக் கழற்றிப் பார்ப்பதை டர்போ வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். அது அரை நாள் வேலை, 9,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். தெர்மோகப்பிள் மட்டும் முதல் நாளே மாட்டியதில் எனக்குத் திருப்தி. அந்த 690-க்கும் 570-க்கும் நடுவில் இருந்தது புகை மட்டுமல்ல, பிஸ்டனின் ஆயுளும்தான் என்று பெரியவருக்கு எண்ணைக் காட்டிச் சொல்ல முடிந்தது.

மகன் இப்போது எங்கள் பட்டறையிலேயே டர்போ வேலைகளைப் பார்க்கிறார். அவர் வந்ததும் முதலில் செய்தது, காற்று வாயை விட அகலமாக ஒரு ப்ளைவுட் பலகையை அறுத்துக் கைப்பிடி வைத்தது. டர்போவைத் தொட்ட எந்த எஞ்சினையும், அந்தப் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறோம்.